பூங்காவில் தனியார் நடத்தும் படகும் கடையும் ஒப்பந்தப்படி நடக்கிறதா? பெங்களூர்வாசிகளுக்கு ஒரு தணிக்கை வழிகாட்டி

பெங்களூரில் ஒரு பெரிய பொதுப் பூங்காவுக்குள் போனால் மரமும் நடைபாதையும் மட்டும் இருப்பதில்லை. சிற்றுண்டிக் கடை இருக்கும், ஏரி இருந்தால் படகு இருக்கும், குழந்தைகளுக்கு ராட்டினமோ பொம்மை ரயிலோ ஓடும், வாசலில் வண்டி நிறுத்தக் காசு வாங்குவார்கள். இதில் பலவற்றை அரசுத் துறை தானே நடத்துவதில்லை. டெண்டர் விட்டு, சில வருடங்களுக்குத் தனியாரிடம் கொடுத்துவிடுகிறது. நிலம் பொதுமக்களுடையது, தொழில் நடத்துவது ஒப்பந்ததாரர், கண்காணிக்க வேண்டியது துறை. மூவரையும் கட்டுவது ஒப்பந்தம் என்கிற ஒரு காகிதக் கட்டு. தினமும் அந்தப் பூங்காவில் நடப்பவர்களில் அதைப் படித்தவர்கள் அரிது.

இதனால்தான் நம் புகார்கள் காற்றில் போகின்றன. ‘டிக்கெட் விலை அதிகம்’, ‘கழிப்பறை நாறுகிறது’, ‘மேசை நாற்காலி நடைபாதை வரை வந்துவிட்டது’ என்று மாநகராட்சியின் புகார் எண் 1533-க்குப் போன் செய்கிறோம், குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறோம். ‘கவனிக்கிறோம்’ என்ற பதிலோடு முடிந்துவிடும். அதே புகாரை, ‘ஒப்பந்தத்தின் இந்த நிபந்தனைப்படி கடைக்கு 200 சதுர அடி, இந்தத் தேதியில் அளந்தபோது 340 சதுர அடி’ என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரி கோப்பில் ஏதாவது எழுதியே ஆகவேண்டும். எழுதாமல் விட்டால் அது அவருக்கே சிக்கல்.

2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வடோதராவில் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 பள்ளிக் குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். மாநகராட்சி தனியாரிடம் ஒப்பந்தத்துக்குக் கொடுத்திருந்த ஏரி அது. படகில் அளவுக்கு மேல் ஆட்கள். பலருக்கு உயிர்காப்பு மேலங்கி இல்லை. அதன் பிறகுதான் அந்த ஒப்பந்தம் எப்படிக் கொடுக்கப்பட்டது, யார் மேற்பார்த்தார்கள் என்று குஜராத் உயர் நீதிமன்றம் கேட்டது. அந்தக் கேள்விகளை எந்த ஊர்க்காரரும் முன்கூட்டியே கேட்க முடியும். எப்படிக் கேட்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பூங்கா யாருடையது என்று உறுதி செய்யுங்கள்

கப்பன் பூங்காவும் லால்பாக்கும் மாநிலத் தோட்டக்கலைத் துறையிடம் இருக்கின்றன. பேட்டைகளிலும் லேஅவுட்களிலும் உள்ள பூங்காக்கள் பெரும்பாலும் மாநகராட்சியிடம். சில லேஅவுட்களில் பி.டி.ஏ. (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) இன்னும் மாநகராட்சியிடம் ஒப்படைக்காத பூங்காவும் உண்டு. ஏரியோடு சேர்ந்த இடமாக இருந்தால் கரைக்கு ஒருவர், படகுக்கு இன்னொருவர் என்று இரண்டு அமைப்புகள் வரலாம். தவறான இடத்தில் மனு கொடுத்தால் மாதங்கள் போய்விடும்.

இப்போது கூடுதலாக ஒரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பரில், ஒரே மாநகராட்சியாக இருந்த பி.பி.எம்.பி. போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. பழைய ஒப்பந்தம் பி.பி.எம்.பி. பெயரில் இருக்கும், கோப்பு புதிய மாநகராட்சியில் இருக்கும். ‘அது எங்களிடம் இல்லை’ என்று இரண்டு பக்கமும் சொல்ல வாய்ப்பு உண்டு. அதனால் மனுவில் பூங்காவின் பெயர், பழைய வார்டு எண், இப்போதைய மாநகராட்சி மூன்றையும் எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போன தகவல் உரிமை மனுவை ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(3) அதைச் சொல்கிறது.

நிலத்தின் சட்ட நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். கப்பன் பூங்கா, லால்பாக் போன்றவற்றுக்கு 1975-ஆம் ஆண்டின் கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மற்ற பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளுக்கு 1985-ஆம் ஆண்டுச் சட்டம். ‘நீங்கள் யார் கேட்பதற்கு?’ என்று எவராவது கேட்டால், பெங்களூரிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைச் சொல்லலாம். ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததை 1991-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிவாசிகள். பூங்கா பறிபோனால் அங்கே குடியிருப்பவர்கள் நேரடியாகப் பாதிக்கப்படுகிறார்கள், அதனால் அவர்கள் கேட்கலாம் என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

படி 2: காகிதங்களை வாங்குங்கள்

முதலில் காசில்லாமல் கிடைப்பதைத் தேடுங்கள். கர்நாடகப் பொதுக் கொள்முதல் இணையதளத்தில் பழைய டெண்டர் ஆவணங்கள் கிடைக்கலாம். டெண்டர் அறிவிப்பு, நிபந்தனைகள், பிறகு வெளியிட்ட திருத்தங்கள், ஏலதாரர்கள் கேட்ட கேள்விகளுக்குத் துறை கொடுத்த பதில்கள் எல்லாவற்றையும் இறக்கிவையுங்கள். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

கையெழுத்தான ஒப்பந்தத்துக்குத் தகவல் உரிமை மனுதான் வழி. கர்நாடக விதிகளில் ஒரு மனு ஒரே விஷயத்தைப் பற்றி, பொதுவாக 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்டால் அதைக் காரணம் காட்டியே திருப்பிவிடுவார்கள். மூன்றாகப் பிரியுங்கள். முதல் மனுவில் ஒப்பந்தம், இணைப்புகள், வரைபடம், பின்னால் செய்த திருத்தங்கள், கால நீட்டிப்பு உத்தரவுகள். இரண்டாவதில் பணம்: வருடவாரியாகக் கேட்ட தொகை, கட்டிய தொகை, கட்டிய தேதி, ரசீது நகல், வைப்புத்தொகை, வங்கி உத்தரவாதத்தின் காலாவதித் தேதி. மூன்றாவதில் கண்காணிப்பு: துறை செய்த ஆய்வுகளின் அறிக்கை, கொடுத்த நோட்டீஸ், போட்ட அபராதம், வசூலான அபராதம். விண்ணப்பக் கட்டணம் மனுவுக்கு 10 ரூபாய்.

மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். பெங்களூர்த் தமிழர்களான நம்மில் பலர் கன்னடம் சரளமாகப் பேசுவோம், எழுத்துதான் மெதுவாக வரும். அல்சூர், காக்ஸ் டவுன் பக்கமெல்லாம் கன்னட வழியில் படித்த நம் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் ஒப்பந்தமும் கன்னடத்தில் இருக்கலாம். பணம், காலம், அபராதம் பற்றிய வரிகளைப் போன் மொழிபெயர்ப்பை நம்பிப் படிக்காதீர்கள்.

‘இது வணிக ரகசியம்’ என்று பிரிவு 8(1)(டி)-ஐக் காட்டி மறுப்பது வழக்கமான பதில். அதற்கு நம் பதிலும் சட்டத்திலேயே இருக்கிறது. அரசு கொடுத்த சலுகைகள், அனுமதிகள், உரிமங்களைப் பெற்றவர்களின் விவரத்தைத் துறை தானாகவே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4(1)(பி)(xiii) சொல்கிறது. டெண்டர் முடிந்து, பொதுச் சொத்தை ஒருவர் கையில் கொடுத்த பிறகு அதன் நிபந்தனைகளில் போட்டியாளரிடமிருந்து காக்க வேண்டிய ரகசியம் எதுவும் மிச்சமில்லை என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள். ஒப்பந்ததாரரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றால் பிரிவு 11-இன் வழிமுறை இருக்கிறது. அப்போதும் 40 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சாதாரண மனுவுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் கர்நாடகத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. வேலையாட்களின் பெயர், போன் எண் போன்றவற்றைக் கேட்காதீர்கள். தனிநபர் விவரம் என்று மொத்த மனுவையும் தள்ள அது சாக்காகிவிடும். எண்ணிக்கை போதும்.

இன்னொரு உரிமையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. பிரிவு 2(ஜே) கோப்பை நேரில் பார்க்கவும் குறிப்பெடுக்கவும் இடம் தருகிறது. நகலுக்காகக் காத்திருப்பதைவிட ஒரு மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டினால், எந்தப் பக்கம் முக்கியம் என்று தெரிந்துவிடும். அதை மட்டும் நகல் கேட்கலாம். கோப்பின் குறிப்புப் பக்கங்களைக் கட்டாயம் பாருங்கள். அபராதம் போடலாம் என்று கீழே ஒருவர் எழுதியிருப்பார், மேலே அது நின்றிருக்கும். ஒப்பந்தத்தில் கிடைக்காத கதை அங்கே இருக்கும்.

படி 3: ஒப்பந்தத்தைக் கேள்விகளாக மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு நோட்டில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: நிபந்தனை எண், அது சொல்வது, அதை எப்படிப் பார்ப்பது, சான்று என்ன, பொறுப்பு யாருடையது. பிறகு ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலிருந்து வரிவரியாக இறக்குங்கள். ‘காலை 6 முதல் இரவு 8 வரை’ என்றால் கேள்வி: எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்? ‘அட்டவணையில் உள்ள விலைக்கு மேல் வாங்கக்கூடாது’ என்றால்: அட்டவணை எங்கே, பலகை எங்கே, பில் எங்கே? ‘வேறு எவருக்கும் உள்குத்தகை விடக்கூடாது’ என்றால்: கல்லாவில் காசு யார் கணக்குக்குப் போகிறது? இப்படி ஒவ்வொரு வரியும் போய்ப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வியாக வேண்டும்.

சில வரிகள் அப்படி மாறாது. ‘வளாகத்தை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும்’ என்று எழுதியிருப்பார்கள். நல்ல நிலை என்றால் என்ன என்று எங்கும் சொல்லியிருக்காது. அதை வைத்து மீறல் என்று எழுதினால் ஒப்பந்ததாரரின் வக்கீல் ஒரு நிமிடத்தில் உடைத்துவிடுவார். அந்த வரிகளுக்கு எதிரே ‘அளவுகோல் இல்லை’ என்று குறித்துவையுங்கள். அந்தப் பட்டியல் அடுத்த டெண்டருக்கு உதவும்.

தேதிகளில் கவனம் தேவை. ஒப்பந்தக் காலம் கையெழுத்தான நாளிலிருந்தா, இடத்தை ஒப்படைத்த நாளிலிருந்தா? இடம் தாமதமாக ஒப்படைக்கப்பட்டிருந்தால் உரிமத் தொகை (இடத்தைப் பயன்படுத்த ஒப்பந்ததாரர் துறைக்குக் கட்டும் பணம்) எந்த நாளிலிருந்து ஓடுகிறது? காலம் முடிந்த பிறகும் ‘புதுப்பித்தல் பரிசீலனையில் உள்ளது’ என்று பழைய தொகையிலேயே ஒருவர் வருடக்கணக்கில் தொடர முடியும். அப்படி இருந்தால் மற்ற எல்லாக் குறையையும்விட அது பெரியது. அனுமதியில்லாமல் பொது இடத்தில் தங்கியிருப்பவரை வெளியேற்ற 1974-ஆம் ஆண்டுச் சட்டம் கர்நாடகத்தில் இருக்கிறது. துறை அதை ஏன் கையில் எடுக்கவில்லை என்பதே கேள்வி.

முந்தைய படியில் இறக்கிவைத்த டெண்டர் ஆவணத்தை இப்போது எடுங்கள். டெண்டரில் இருந்த நிபந்தனைகளையும் கையெழுத்தான ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். டெண்டரில் வருடம் 10 சதவீத உயர்வு, ஒப்பந்தத்தில் 5 சதவீதம் என்று இருக்கிறதா? டெண்டரில் இலவசக் கழிப்பறை, ஒப்பந்தத்தில் கட்டணக் கழிப்பறையா? கடினமான நிபந்தனையைப் பார்த்து விலகிய மற்ற ஏலதாரர்களுக்கு இழைத்த அநியாயம் அது. ஒப்பந்ததாரர் நிபந்தனையை மீறவில்லை, நிபந்தனையே அவருக்காக இளகியிருக்கிறது. களத்தில் எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் இது தெரியாது.

துறையின் கடமைகளையும் அதே நோட்டில் எழுதுங்கள். தண்ணீர் இணைப்பு, மின் இணைப்பு, இரவுக் காவல், கழிவுநீர்க் குழாய் ஆகியவை துறையின் பொறுப்பாக இருந்தால், அவை இல்லாததால் வரும் குறையை ஒப்பந்ததாரர் தலையில் போடுவது நியாயம் இல்லை.

படி 4: உட்கார்ந்த இடத்திலேயே சரிபார்க்கக்கூடியவை

பூங்காவுக்குப் போகும் முன் கணினியிலேயே பாதி வேலை முடியும். பில்லில் உள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போடுங்கள். நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர், பதிவு உயிரோடு இருக்கிறதா, கணக்கு தாக்கல் செய்கிறார்களா என்று எல்லோருக்கும் காட்டும். கர்நாடகப் பதிவு 29 என்று தொடங்கும். ஒப்பந்தத்தில் ஒரு பெயர், பில்லில் வேறு பெயர் என்றால் உள்குத்தகைக்கான முதல் அடையாளம் அது. அடையாளம் மட்டும்தான், ஒரே குடும்பத்தின் இரண்டு நிறுவனங்களாக இருக்கலாம், துறையே அனுமதித்திருக்கலாம். அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

உணவுக் கடைக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) கொடுக்கும் எண் 14 இலக்கம். கடையில் தெரியும்படி இருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் அச்சிட வேண்டும். அந்த எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டால் யார் பெயரில், எந்த முகவரிக்கு என்று வரும். முகவரி பூங்காவாக இல்லாமல் வேறு ஏதோ சமையற்கூடமாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலையாட்களுக்கு வைப்புநிதி கட்டுகிறார்களா என்பதை வைப்புநிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் வைப்புநிதி, 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. ஒப்பந்தம் அதைவிடக் கடுமையாகவும் கேட்கலாம்.

படி 5: பூங்காவில் பார்ப்பது

ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். வார நாள் காலை ஒன்று, ஞாயிறு மாலை ஒன்று, ஒரு விடுமுறை நாள் ஒன்று என்று குறைந்தது மூன்று வித நாளாவது வேண்டும். லால்பாக்கில் குடியரசு தினம், சுதந்திர தினத்தையொட்டி மலர்க்காட்சி நடக்கும்போது வரும் கூட்டமும் செவ்வாய்க்கிழமைக் கூட்டமும் ஒன்றல்ல. எப்போதும் இருவராகப் போங்கள். ஒருவர் பார்க்க, இன்னொருவர் எழுத. படத்தில் தேதியும் நேரமும் பதியும்படி போனை அமைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் முகம் வரும்படி எடுக்காதீர்கள்.

வாங்கிப் பாருங்கள், பில் கேளுங்கள். ‘அண்ணா, பில் குடுங்க’ என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். பில் தராவிட்டால் அதுவும் ஒரு பதிவு. தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குகிறார்களா என்று பாருங்கள். உட்கார வைத்துப் பரிமாறும் உணவகங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2017-இல் விலக்குக் கொடுத்திருக்கிறது. ஜன்னல் வழியாகப் பாட்டிலை நீட்டும் கடைக்கு அந்த வாதம் செல்லாது என்பது என் கருத்து. நுகர்வோர் உதவி எண் 1915-இல் அதைத் தனியாகவும் பதியலாம். யூ.பி.ஐ.யில் பணம் கட்டும்போது கியூ.ஆர். அட்டை காட்டும் பெயரைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பணம் போகும் பெயரும் ஒப்பந்தப் பெயரும் ஒன்றா என்று பார்ப்பதைவிட எளிய உள்குத்தகைச் சோதனை இல்லை.

இடத்தை அளக்க ஒரு நாடா போதும். ஒப்பந்த வரைபடத்தில் உள்ள நீள அகலத்தை வைத்துக் கடையையும், வெளியே போட்டிருக்கும் மேசைகளின் எல்லையையும், ஷெட் போட்டிருந்தால் அதையும் அளந்து எழுதுங்கள். விளம்பரப் பலகை இருந்தால் அதற்குத் தனி அனுமதி உண்டா என்று பாருங்கள். உரிமத்தில் விளம்பரம் சேராமல் இருந்தால் அதன் வருமானம் மாநகராட்சிக்கு வர வேண்டியது.

படகு, ராட்டினம், பொம்மை ரயில் இருந்தால் மற்றதைத் தள்ளிவைத்துவிட்டு அங்கே அதிக நேரம் செலவிடுங்கள். ஒவ்வொரு படகிலும் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா? எழுதியதற்கு மேல் ஏறுகிறார்களா? உயிர்காப்பு மேலங்கி இருக்கைக்கு ஒன்று உண்டா, குழந்தை அளவில் உண்டா, கொக்கி வேலை செய்கிறதா, போட்ட பிறகுதான் படகு கிளம்புகிறதா? மீட்புப் படகு எங்கே, நீந்தத் தெரிந்த ஆள் யார், மழை காற்று வந்தால் நிறுத்த முடிவெடுப்பவர் யார்? ராட்டினத்துக்குத் தினசரிச் சோதனைப் பதிவேடு இருக்கிறதா, கடைசியாகப் பொறியாளர் சான்று கொடுத்த தேதி எது, காப்பீடு இன்று உயிரோடு இருக்கிறதா, அதில் பயணிகள் சேர்ந்திருக்கிறார்களா? இதில் ஒன்று குறைந்தாலும் அறிக்கை தயாராகும் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே எழுத்தில் துறைக்குக் கொடுத்து, வந்துசேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். உயிர் சம்பந்தப்பட்டதை வரிசையில் நிற்க வைக்கக்கூடாது.

கழிப்பறையை ஒரே நாளில் மூன்று நேரம் பாருங்கள்: திறந்தவுடன், மதியம், கூட்டம் அதிகமான மாலை. தண்ணீர், விளக்கு, தாழ்ப்பாள், பெண்கள் பகுதியில் குப்பைத்தொட்டி, சக்கர நாற்காலி போகும் அகலம். பெண்கள் பகுதியைப் பெண்கள் பார்க்கட்டும். இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் ஆண்கள் மட்டுமே உள்ள குழு பாதிப் பூங்காவைப் பார்க்காமலேயே அறிக்கை எழுதிவிடும்.

குப்பை விஷயம் சுருக்கமானது. கர்நாடகத்தில் 2016 மார்ச்சிலிருந்தே பிளாஸ்டிக் தடை இருக்கிறது, 2022 ஜூலை 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு நாடு முழுக்கத் தடை. கடையில் என்ன கப், என்ன ஸ்பூன், பிரித்துப் போடுகிறார்களா, மாலையில் எங்கே கொண்டு போகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

கடையில் நிற்கும் பையன்களிடமும் டிக்கெட் கிழிக்கும் அம்மாவிடமும் அதட்டிப் பேசாதீர்கள். அவர்களுக்கு ஒப்பந்தம் தெரியாது, சம்பளமே தாமதமாக வரலாம். வேலை நேரம் பற்றி அவர்கள் தானாகச் சொன்னால் கேளுங்கள். பெயரை எங்கேயும் எழுதாதீர்கள்.

படி 6: பணக்கணக்கு

முதலில் கட்ட வேண்டிய தொகையை நீங்களே போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, முதல் வருட உரிமத் தொகை 12,00,000 ரூபாய், வருடம் 5 சதவீத உயர்வு என்று வைத்துக்கொள்வோம். முந்தைய வருடத் தொகையின் மேல் உயர்வு என்றால் நான்காம் வருடம் 13,89,150. முதல் வருடத் தொகையின் மேலேயே உயர்வு என்றால் 13,80,000. ஒப்பந்த வரி இரண்டில் எதைச் சொல்கிறது என்று பார்த்து, துறையின் கேட்புத் தொகையோடு ஒப்பிடுங்கள். பிறகு கேட்ட தொகைக்கும் கட்டிய தொகைக்கும் வித்தியாசம், தாமத நாட்கள், ஒப்பந்தத்தில் சொன்ன தாமத வட்டி, அது வசூலானதா என்று போங்கள். பெருந்தொற்றுக் காலத்துத் தள்ளுபடி என்று சொன்னால், எந்த உத்தரவு, எந்த மாதங்களுக்கு என்று நகல் கேளுங்கள்.

வங்கி உத்தரவாதம் காலாவதியாகியிருக்கிறதா என்பதைத் தவறவிடாதீர்கள். அது செத்துப்போன பிறகு நிலுவையை வசூலிக்கத் துறையிடம் கையில் பிடி எதுவும் இல்லை.

வருமானத்தில் பங்கு என்கிற ஒப்பந்தமாக இருந்தால் வேலை கூடும், சுவாரசியமும் கூடும். ஒப்பந்ததாரர் சொல்லும் விற்பனைதான் துறைக்கு அடிப்படை. அதைச் சோதிக்க டிக்கெட்டின் தொடர் எண் போதும். திறந்தவுடன் ஒரு டிக்கெட், மூடும் முன் ஒரு டிக்கெட் வாங்குங்கள். காலையில் 04312, மாலையில் 04987 என்றால் இரண்டையும் சேர்த்து 676 டிக்கெட். டிக்கெட் 30 ரூபாய் என்றால் அன்றைய வசூல் 20,280. ஒரே கவுண்டரா, ஒரே புத்தகமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வித நாட்களுக்கு இப்படி எடுத்து, அதே நாட்களுக்கான அறிவிக்கப்பட்ட விற்பனையைத் தகவல் மனுவில் கேளுங்கள். நம் நாட்களை வைத்து வருட வருமானத்தைப் பெருக்கிச் சொல்லாதீர்கள். அந்த நாட்களுக்கு மட்டும் ஒப்பிடுங்கள். அது அசைக்க முடியாதது. டிக்கெட்டில் எண்ணே இல்லை என்றால், அல்லது கொடுத்த டிக்கெட்டைத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தால், அதுவே தனிக் கண்டுபிடிப்பு.

படி 7: மறுபக்கத்தைக் கேளுங்கள்

கண்டவற்றைத் தொகுத்து ஒப்பந்ததாரருக்கும் துறைப் பொறியாளருக்கும் எழுதி அனுப்பி, பதிலுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். இது மரியாதைக்காக மட்டும் இல்லை. கூடுதல் இடத்துக்கு அனுமதிக் கடிதம் அவரிடம் இருக்கலாம். தண்ணீர் இணைப்பு கேட்டு அவர் துறைக்கு எழுதிய கடிதங்கள் பதில் இல்லாமல் கிடக்கலாம். கொடுத்த பதிலை முழுதாக அறிக்கையில் சேருங்கள், வெட்டாதீர்கள். பதில் வராவிட்டால் ‘இந்தத் தேதியில் அனுப்பினோம், பதில் வரவில்லை’ என்று ஒரு வரி போதும்.

படி 8: அறிக்கை

ஒவ்வொரு குறையையும் ஒரே வடிவில் எழுதுங்கள்: நிபந்தனை சொல்வது, நாங்கள் கண்டது, சான்று, அதன் விளைவு, யார் என்ன செய்ய வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

‘நிபந்தனை 9: விலைப் பலகை நுழைவாயிலில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். மூன்று நாட்களிலும் பலகை இல்லை (படம் 4, 11, 19). இணைப்பு 2-இன்படி குழந்தைகளுக்கான படகுக் கட்டணம் 20 ரூபாய். வாங்கியது 40 ரூபாய் (டிக்கெட் நகல் 3, 7). நிபந்தனை 22-இன்படி அபராதம் உண்டு. தகவல் மனுவுக்கு வந்த பதிலின்படி இதுவரை அபராதம் எதுவும் போடப்படவில்லை. செய்ய வேண்டியவர்: பூங்காவின் பொறுப்பு அதிகாரி.’

‘கொள்ளை’, ‘மோசடி’, ‘கூட்டுச் சதி’ என்ற சொற்கள் வேண்டாம். காகிதம் காட்டுவதை மட்டும் எழுதுங்கள். அவதூறு நோட்டீஸுக்கும் அது பதில், படிக்கும் அதிகாரிக்கும் ஒளிய இடம் இருக்காது. குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்: உயிருக்கு ஆபத்தானவை, பொதுப்பணத்தைப் பாதிப்பவை, மற்றவை. ஒப்பந்ததாரர் சரியாகச் செய்யும் நிபந்தனைகளையும் பட்டியலிடுங்கள். அது இல்லாத அறிக்கையை யாரும் தணிக்கை என்று ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

என் அனுபவத்தில் குறைகளில் பெரிய பங்கு நோட்டின் கடைசி நெடுவரிசையில் ஒரே பெயரில்தான் குவியும்: பொறுப்பு துறையுடையது. ஆய்வு செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும், ஆய்வு அறிக்கை ஒன்றுகூட இருக்காது. ஒப்பந்ததாரரை மட்டும் மாற்றினால் அடுத்தவரும் அதே இடத்தில்தான் வந்து நிற்பார்.

படி 9: கொடுப்பதும் தொடர்வதும்

முதலில் பூங்காவின் பொறுப்பு அதிகாரி, அவருக்கு மேல் தோட்டக்கலைத் துறை இயக்குநர் அல்லது மாநகராட்சி ஆணையர். கையால் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல். பணம் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் மாநிலத் தணிக்கைத் துறைக்கு அனுப்புங்கள். அடுத்த வருடத் தணிக்கையில் அவர்கள் கேட்கும் கேள்விக்குத் துறை பதில் சொல்லாமல் இருப்பது கடினம்.

30 நாள் கழித்து, ‘இந்தத் தேதியிட்ட எங்கள் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு’ என்று ஒரு புதிய தகவல் மனு போடுங்கள். அசைவே இல்லை, அதிகாரிகளின் செயலற்ற தன்மைக்குச் சான்றும் இருக்கிறது என்றால் அரசு அதிகாரிகள் மேலான புகார்களை விசாரிக்கும் கர்நாடக லோகாயுக்தாவில் உரிய படிவங்களோடும் பிரமாணப் பத்திரத்தோடும் புகார் கொடுக்கலாம். உயர் நீதிமன்றம் கடைசி வழி. பெங்களூர் ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகை விட்டதை எதிர்த்து 2008-இல் போட்ட பொதுநல வழக்கில் உருப்படியான தீர்ப்பு வர 2012 ஆனது. அந்த நீண்ட காலத்தைத் தாங்கும் பொறுமையும் வக்கீலும் இருந்தால் போங்கள்.

அறிக்கைக்குப் பிறகு மூன்று மாதத்தில் அதே நோட்டோடு, அதே கேள்விகளோடு மறுபடி ஒரு சுற்று பாருங்கள். சரியானதை ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதித் துறைக்கும் ஒப்பந்ததாரருக்கும் தெரிவியுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பு, ‘அளவுகோல் இல்லை’ என்று குறித்துவைத்த பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அளக்கக்கூடிய ஒரு வரியை எழுதி டெண்டர் தயாரிக்கும் அதிகாரியிடம் கொடுங்கள்: கழிப்பறை தினம் எத்தனை முறை கழுவ வேண்டும், டிக்கெட்டில் தொடர் எண் கட்டாயம், படகு ஒன்றுக்கு இத்தனை மேலங்கி, மாதம் ஒரு முறை ஆய்வு, அந்த ஆய்வு அறிக்கை வாசலில் ஒட்டப்பட வேண்டும்.